தலைக்கட்டுடன் திரும்பிய விக்கெட் காப்பாளர்

பிலிமத்தலாவையில் பிடியைத் தவறவிட்ட இளம் விக்கெட் காப்பாளர் ஒருவரை, இவரெல்லாம் தேசிய அணிக்குத் தேறுவாரா எனச் சிலர் ஏளனம் செய்யக் கேட்டோம். நமக்கு லாகூரின் திலாவர் ஹுசைன் நினைவுக்கு வந்தார்.

1907இல் பிறந்த அவர் கூனிக் குனிந்து துடுப்பெடுத்தாடுவார். பார்வைக்கு அழகில்லை, ஆட்டமிழக்கச் செய்வதோ கடினம். 1934 ஜனவரியில் கல்கத்தாவில், இங்கிலாந்துக்கு எதிராக இந்திய அணியின் விக்கெட் காப்பாளராக அறிமுகமானார். நிக்கல்ஸின் பந்து தலையைப் பதம்பார்த்தது. களத்தைவிட்டு வெளியேறியவர் தலைக்கட்டுடன் திரும்பிவந்து 59 ஓட்டங்களைப் பெற்றார். இரண்டாம் இனிங்ஸில் 57. அறிமுக டெஸ்டின் இரு இனிங்ஸ்களிலும் அரைச்சதம் கண்ட முதல் இந்தியர் அவரே.

எனினும் அவருக்குக் கிட்டியவை மூன்றே டெஸ்டுகள், சராசரி 42.33. இது அநீதியென்றே நாம் கருதுகிறோம். 1936இல் ஓவலில் ஆடிய இறுதி இனிங்ஸிலும் 54 பெற்றிருந்தார். பின்னர் கல்லூரி அதிபராகப் பணியாற்றி, 1967இல் லாகூரில் காலமானார்.