கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு விடை தேடி பம்பாய் வந்த லூசி வில்ஸ்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் கர்ப்பிணிகளிடம் ரத்தம் கம்மியா இருக்கு என்று சொல்லி ஒரு மாத்திரை அட்டையைக் கொடுப்பார்கள். சத்து மாத்திரை என்று நாம் சொல்லும் அதில் இரும்புச்சத்து மட்டும் இல்லை. ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அது ஏன் சேர்ந்தது? பதில் லூசி வில்ஸின் வாழ்க்கையில் இருக்கிறது.

யார் இவர்?

1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். அதன்பிறகே மருத்துவம் பக்கம் திரும்பி, லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் படித்து 1920-ல் டாக்டரானார். ஆனால் அவருக்குப் பிடித்தது ஆய்வுக்கூடம்தான்.

பம்பாய்க்கு ஏன் வந்தார்?

அன்று பம்பாயில் ஜவுளி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இதை ஆராய 1928-ல் லூசி அழைக்கப்பட்டார். ஹாஃப்கின் நிறுவனத்தில் வேலை தொடங்கியது.

இது சாதாரண ரத்தசோகைதானே?

இல்லை. கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். உடம்பிலுள்ள இரும்புச்சத்து தீர்ந்துபோய், சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்துவிடும். ஆனால் லூசி பார்த்த நோயில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. அப்படின்னா காரணம் வேறு. இரும்புச்சத்து கொடுத்தால் மட்டும் தீராது.

எப்படிக் கண்டுபிடித்தார்?

பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய்கறியும் பழமும் குறைவாக இருந்த ஏழைகளிடம்தான் நோய் அதிகம். அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார்; அவற்றுக்கும் ரத்தசோகை வந்தது. ஆனால் எலிகளிடம் பேன் பரப்பிய கிருமித்தொற்றும் இருந்ததால் முடிவு குழம்பியது. சலிக்காமல் குரங்குகளை வைத்துத் திரும்ப ஆரம்பித்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் குரங்கு தேறியது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் முடிவுகள் வெளியாயின. ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு வில்ஸ் காரணி என்று பெயர் வந்தது.

தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆய்வு செய்திருக்கிறார். 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, லத்தீனில் இலை எனப் பொருள்படும் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடியது இதைத்தான் என்பது பிறகு புரிந்தது. அமெரிக்காவில் இதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக உருவாகவும் ஃபோலிக் அமிலம் தேவை என்பது உறுதியானபோது லூசி உயிரோடு இல்லை, 1964-லேயே காலமாகிவிட்டார்.

நமக்கு என்ன பாடம்?

ரத்தசோகை ஒன்று, காரணங்கள் பல. வயிற்றில் புழு இருந்துகொண்டே இருந்தால், மாத்திரையில் கிடைக்கும் இரும்புச்சத்து ரத்தத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு மூன்று மாதம் கழிந்த பிறகு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையும் தரப்படுகிறது. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறும்; செருப்பும் கழிப்பறையும் இதற்கு மருந்து மாதிரிதான். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திடாதீங்க. டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடவும் வேண்டாம். ரத்தம் ஏறவில்லை என்றால், ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். லூசி வில்ஸ் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான்.