பாரடேயின் கூண்டு

இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி இலண்டன் பக்கம் குடிபெயர்ந்தார் ஒரு கொல்லர். உங்களுள் பலருடைய பெற்றோரைப் போலவே அவரும் வேலையின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்தவர். அவர் மகனாக 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தவரே மைக்கேல் பாரடே.

எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் கற்றதோடு பாரடேயின் பள்ளிப்படிப்பு நின்றது. பதினான்காம் வயதில், நூல்களுக்கு அட்டை கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையெல்லாம் படித்தார். கலைக்களஞ்சியத்தில் கண்ட மின்சாரக் கட்டுரை அவர் மனத்தைக் கவர்ந்தது. 1812இல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்புகளைப் படங்களுடன் எழுதி, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது! மறு ஆண்டே இராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆய்வகத்தில் உதவியாளரானார்.

1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை எல்லாரும் போற்றுவர். மின்னாக்கிகள் அதனால்தான் இயங்குகின்றன. எனினும், அவருடைய துணிவை நன்கு காட்டுவது 1836ஆம் ஆண்டுச் சோதனையே என்பது என் கருத்து.

மின்கடத்திக்கு ஊட்டப்படும் மின்னூட்டம் எங்கே தங்குகிறது? உள்ளேயா, வெளிப்புறத்திலா? உயர்கணிதம் கல்லாத பாரடே, விடையைச் சோதனையிலேயே தேடினார். 12 அடி நீள, அகல, உயரமுள்ள மரச்சட்டக் கூண்டு ஒன்றைச் செய்தார். செம்புக் கம்பியாலும் வெள்ளீயத் தகட்டாலும் அதனைப் போர்த்தினார். பிறகு, எரியும் மெழுகுவத்திகளோடும் மின்னூட்டம் காட்டும் கருவிகளோடும் தாமே உள்ளே நுழைந்தார். வலிமை மிக்க மின்பொறியால் கூண்டுக்கு மின்னூட்டம் ஏற்றப்பட்டது. வெளிப்புறமெங்கும் தீப்பொறிகள் பறந்தன. அவர் எண்ணம் பிழையாயிருப்பின் அவை அவர் மேனியிலும் பாய்ந்திருக்கக்கூடும். உள்ளேயோ, கருவிகள் அசையவில்லை. அவருக்கும் யாதொரு தீங்கும் நேரவில்லை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், மின்னூட்டம் முழுவதும் வெளிப்பரப்பிலேயே தங்கிவிட்டது.

பாரடே 1867இல் மறைந்தார். அதன்பின் 90 ஆண்டுகள் கழித்தே முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது.

நம் இன்சாட் செயற்கைக்கோள்கள் சுற்றும் பாதை, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. வெற்றிடம்போல் தோன்றும் அவ்விடத்தில், சூரியனின் சீற்றத்தால் புவியின் காந்தப்புலம் கலங்கும்போது, விரைவு மிக்க எலக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் மேற்பரப்பில் வந்து மோதுகின்றன. மேற்பரப்பு முழுவதும் உலோகமாயின் மின்னூட்டம் சீராகப் பரவிவிடும். ஆனால், வெப்பம் காக்கும் நெகிழிப் போர்வையும் சூரிய மின்கலங்களின் மேலுள்ள கண்ணாடியும் மின்சாரத்தைக் கடத்தா. எலக்ட்ரான்கள் விழுந்த இடத்திலேயே தேங்குகின்றன. நிழற்பக்கத்தில் மிகுதியாகத் தேங்குகின்றன. அடுத்தடுத்த பகுதிகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு உண்டாகி, குட்டி மின்னல் ஒன்று வெட்டும். அது கம்பிகள் வழியே நுழைந்து தவறான கட்டளைகளைப் பிறப்பிக்கும். கருவிகளைக் கெடுக்கவும் கூடும். அத்தொலைவிற்குச் சென்று பழுது பார்ப்பார் யார்?

ஆகவே பொறியாளர்கள், கண்ணாடியின்மீதும் போர்வையின்மீதும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சைப் பூசுகின்றனர். ஒவ்வொரு பகுதியையும் செயற்கைக்கோளின் உலோக உடலோடு கம்பியால் இணைக்கின்றனர். நுண்கருவிகளை இடுக்குகள் குறைந்த உலோகப் பெட்டிகளில் அடைக்கின்றனர். அவ்வாறு மூடிய உலோக உறைக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'பாரடே கூண்டு'.