வாயில்லா ஜீவனின் கதையைச் சொன்னவர்

குதிரையே தன் கதையைச் சொல்லும் ‘பிளாக் பியூட்டி’ நாவலை நம்மில் பலர் விரும்பிப் படித்திருக்கிறோம். அதை எழுதிய அன்னா சூவெல் அம்மையாரின் வாழ்க்கையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

அவர் 1820-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள கிரேட் யார்மத் நகரில் பிறந்தார். 14 வயதில், மழையில் பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது வழுக்கி விழுந்தார். கணுக்கால்களில் பலத்த அடி. அதன்பின் அவரால் நெடுந்தூரம் நடக்க இயலவில்லை. குதிரை வண்டியே அவருக்குக் காலாயிற்று. தந்தையை ரயில் நிலையத்திற்கு அவரே வண்டியோட்டி அழைத்துச் செல்வார். அதனால் குதிரைகள் படும் துன்பத்தை அருகிலிருந்து கண்டார். பார்வைக்கு மிடுக்காகத் தோன்ற, அவற்றின் தலையை வாரினால் இழுத்து நிமிர்த்திக் கட்டும் கொடிய வழக்கம் அந்நாளில் இருந்தது.

1871-இல் நாவலைத் தொடங்கியபோது அவருக்கு 51 வயது, உடல்நலம் குன்றியிருந்தது. முடிந்தபோதெல்லாம் சிறிது சிறிதாக எழுதினார். எழுத்தாளரான தாயார் மேரி அதைப் படியெடுத்துக் கொடுத்தார். சிறுவர்களுக்கென்று அவர் அதை எழுதவில்லை. குதிரைகளைப் பராமரிப்போரின் மனத்தில் இரக்கம் பிறக்கவே எழுதினார்.

1877 நவம்பரில் நூல் வெளிவந்தது. 1878 ஏப்ரலில் அவர் காலமானார். அவர் எழுதிய ஒரே நாவல் அதுதான். குதிரைகளை வதைத்த அந்த வார் மறையவும் அது துணைபுரிந்தது.

தம் வலியை நினைத்து முடங்காமல் பிற உயிரின் வலியை உணர்ந்தவர் அவர். பாரம் இழுக்கும் மாட்டைக் காணும்போது நாமும் அவரை நினைப்போம்.