நீரைப் பகுத்தளந்த மைக்கேல் பாரடே

தண்ணீரைக் கொண்டு மோட்டார் வண்டியை ஓட்டலாம் என்னும் பேச்சு அடிக்கடி எழுந்து அடங்குவதொன்று. 1996-ஆம் ஆண்டில், மூலிகையும் தண்ணீரும் சேர்த்துப் பெட்ரோல் ஆக்கலாம் என்ற செய்தி தமிழ்நாட்டினின்றும் புறப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அதே ஆண்டில், அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில், தண்ணீரால் ஓடும் வண்டியைச் சமைத்ததாகச் சொல்லிப் பொருள் பெற்ற ஸ்டான்லி மேயர் என்பாரை நீதிமன்றம் மோசடி செய்தவரெனத் தீர்த்து, பெற்ற பணத்தைத் திருப்பித் தருமாறு கட்டளையிட்டது. இந்நாளில் வழங்குவது சற்றே அடக்கமான வேறொரு முறை. இது பெட்ரோலை அறவே நீக்குவதாகச் சொல்வதில்லை. ஒரு ஜாடியில் தண்ணீர் நிரப்பி, அதிற் சிறிது சமையற் சோடாவையோ காரத்தையோ கரைத்து, துருப்பிடியாத எஃகுத் தகடுகளை நிறுத்தி, வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால், நீரகம் எனப்படும் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கலந்து குமிழிகளாய்க் கிளம்பும். அக்கலவையை ஒரு குழாய் வழியே எஞ்சின் காற்றை இழுக்கும் வாயிற் சேர்த்தால் மைலேஜ் கூடும் என்பர். வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டிலும், பெரம்பலூர் அரியலூர்ப் பக்கங்களிலும் வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போருக்கும், அயல்நாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வண்டி வாங்கியோருக்கும் பெட்ரோல் விலை பெருஞ்சுமையாதலின், இத்தகைய ஆசை எழுதல் இயல்பே. அதனை நகைப்பது தகாது.

ஆனால் அந்த ஜாடியில் நிகழ்வதற்குக் கணக்கு வகுத்தவரும், அதற்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவின் மூலத்தைக் கண்டவரும் ஒருவரே என்பதைப் பலர் அறியார். அவர் ஆங்கில நாட்டுக் கருமான் ஒருவரின் மகன். பெயர் மைக்கேல் பாரடே.

இவர் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி லண்டன் மாநகரையடுத்த நியூவிங்டன் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் நோயாளி, குடும்பம் மிக வறியது. எழுத்தும் வாசிப்பும் சிறிதளவு கணக்குமே இவர் பள்ளியிற் பெற்ற செல்வம். பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்னும் புத்தக வியாபாரியிடம் ஏவலாளாய்ச் சேர்ந்து, மறு ஆண்டு முதல் ஏழாண்டுகள் புத்தகங் கட்டும் தொழில் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களை இவர் வெறுமனே கட்டி அனுப்பவில்லை. கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியையும், மார்செட் என்னும் அம்மையார் ரசாயனத்தைக் குறித்து உரையாடலாக எழுதிய நூலையும் ஊன்றிப் படித்தார். படித்தவற்றைச் செய்து பார்க்க அரைப்பென்னி நாணயங்களையும் துத்தநாகத் தகடுகளையும் அடுக்கிச் சிறு மின்கலம் ஒன்று அமைத்துக்கொண்டார்.

1812-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் கலைக்கழகத்தில் ஹம்ப்ரி டேவி என்னும் பெரும் ரசாயன அறிஞர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்கும் பேறு, கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த சீட்டினால் இவருக்கு வாய்த்தது. கேட்டவற்றை விரித்தெழுதிப் படமும் வரைந்து, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அவ்வாண்டில் டேவி ஒரு வெடி விபத்தாற் கண்ணிற் காயமுற்றிருந்தார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் சோதனைச்சாலை உதவியாளர் பதவி ஒழிந்தபோது, வாரம் 25 ஷில்லிங் சம்பளமும் மாடியில் தங்குமிடமும் தந்து பாரடேயை அமர்த்திக்கொண்டார். பின்பு ஐரோப்பிய யாத்திரையில் டேவியின் மனைவியார் இவரை வேலைக்காரனாக நடத்திய இழிவையும் பொறுத்து, இவர் அங்கிருந்த அறிஞர் பலரையும் கண்டு மீண்டார்.

தமிழ் மாணாக்கர் சிறப்பாய் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. நம் தென்னாட்டில் மூசையிலிட்டு உருக்கிய எஃகு மேனாட்டாரிடையே ஊட்ஸ் என்ற பெயரால் புகழ் பெற்றிருந்தது. உக்கு என்னும் கன்னடச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். நமது உருக்கு என்பதும் அதற்கு உறவே. அதன் மாண்பிற்குக் காரணங் காணும் பொருட்டுப் பாரடே அதனைச் சோதித்து 1819-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள மண்ணுலோகக் கலப்பே காரணமெனக் கருதினார். அது பிழை, இரும்பிற் கலந்த கரியே காரணமென்று பின்வந்தோர் தெளிந்தனர். 1825-இல், விளக்கெரிக்கும் எண்ணெய் வாயுவை அழுத்தி அடைக்குங்கால் எஞ்சிய திரவத்திலிருந்து இவர் பிரித்தெடுத்த பொருளே பென்சீன். நாம் இன்று வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலிலும் அது சிறிதளவு உண்டு.

இனி இவர்தம் வாழ்வின் பெருஞ்செயலுக்கு வருவோம். மின்சாரம் ஓடும் கம்பியருகே காந்த ஊசி அசைவதை 1820-இல் டென்மார்க் நாட்டு எர்ஸ்டெட் கண்டிருந்தார். மின்சாரத்தாற் காந்தம் விளையுமாயின், காந்தத்தால் மின்சாரம் விளையாதோ என்பது பாரடேயின் வினா. 1831 ஆகஸ்டு 29-ஆம் தேதி இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பி சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் ஒரு துடிப்பு எழுவதைக் கண்டார். அக்டோபரில் சுருளினுள்ளே காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் மின்சாரம் பெற்றார். அம்மாத இறுதியிற் பெரியதொரு காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றி, இடைவிடாத மின்னோட்டத்தையும் உண்டாக்கினார். மேட்டூர் அணையின் மின்யந்திரமும், மோட்டார் வண்டியின் முன்மூடிக்குள் வார்ப்பட்டையாற் சுழலும் டைனமோவும் அச்செப்புத் தட்டின் வழித்தோன்றல்களே.

அடுத்த மூன்றாண்டுகளில் நீரைப் பகுக்கும் ஆராய்ச்சி நடந்தது. மின்சாரத்தால் நீரைப் பிரிக்கலாம் என்பதை 1800-லேயே லண்டனில் நிக்கல்ஸனும் கார்லைலும் காட்டிவிட்டனர். பாரடே கேட்டது எவ்வளவு என்பது. தகடு பெரிதாயினும் சிறிதாயினும், அமிலம் மிகினும் குறையினும், செலுத்திய மின்சாரத்தின் அளவு எத்துணையோ அத்துணை வாயுவே கிளம்பும். ஓர் அணுவும் கூடாது என்று பலவாறு மாற்றிச் சோதித்து நிறுவினார். விதி அத்துணை உறுதியாயிருந்தமையின், நீரினின்று எழும் கலப்பு வாயுவைக் கோடிட்ட குழாயிற் பிடித்து, அதையே மின்சாரத்தை அளக்கும் கருவியாக ஆக்கினார். ஆதலின், இன்று மைலேஜ் கூட்டுமெனப் பொருத்தப்படும் ஜாடி, அக்கருவிக்கு உடன்பிறப்பே ஆகும். ஒரு முறை அக்குழாயில் விட்டுவைத்த வாயு மெல்ல மெல்லக் குறைந்து நீர் மேலேறுவதைக் கண்டார். பிளாட்டினத் தகட்டின் அருகே இரு வாயுக்களும் தாமே கூடி மீண்டும் நீராயின என்று கண்டறிந்து, அதனையும் தனியே ஆராய்ந்து எழுதினார். மின்பகுப்புக்கும் அதன் முனைகளுக்கும் உலகெங்கும் வழங்கும் எலெக்ட்ரோலிசிஸ், ஆனோடு, கதோடு, அயான் என்னும் பெயர்கள் 1834-இல் ஹ்யூவெல் முதலிய புலவர்களின் துணைகொண்டு இவர் அமைத்தவையே.

இவ்விதியைக் கொண்டு வண்டிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லப்பைக்குடிக்காட்டினின்று திருச்சியை நோக்கிப் புறப்பட்ட வண்டி ஒன்றில் ஆறு அறைகள் தொடராய் இணைந்த ஜாடி இருப்பதாகவும், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்வதாகவும் கொள்க. பாரடேயின் கணக்கின்படி எழும் நீரகம் ஏறத்தாழ 2¼ கிராம். கரையும் தண்ணீர் 20 கிராம். இரு வாயுக்களும் சேர்ந்து 40 லிட்டர் இடத்தை அடைப்பதால், குமிழிகளைக் காண்பார்க்கு மலைப்புண்டாதல் வியப்பன்று. எஞ்சினோ அந்நேரத்திற் பல்லாயிரம் லிட்டர் காற்றை உட்கொள்ளும். அந்நீரகம் எரிந்து தரும் வெப்பம் 270 கிலோஜூல் அளவினது. ஜாடிக்குச் சென்ற மின்சாரம் 432 கிலோஜூல். அம்மின்சாரத்தை ஆக்க டைனமோவைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினோ பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே சுழலாற்றலாக மாற்றவல்லது. டைனமோவிலும் ஒரு பகுதி வெப்பமாய்க் கழியும். எல்லாம் கூட்டினால், பத்துப் பங்கு பெட்ரோலை எரித்து ஒரு பங்கு நீரகத்தைப் பெறுகிறோம்.

டைனமோ எப்படியும் சுழல்கின்றதன்றோ, அதன் மின்சாரம் வீணாகத்தானே போகின்றது என்று வினவுவாருளர். பட்டறைகளில் இதனை உறுதியாய் நம்புவோர் பலர். மின்சாரம் எடுக்கப்படாத டைனமோ எளிதிற் சுழலும். எடுக்குந்தோறும் அதனைச் சுற்றுவது கடினமாகும். பழைய வண்டிகளில் எஞ்சின் மெதுவாய் ஓடுகையில் முன்விளக்கை ஏற்றினால் அதன் ஓசை சற்றே தாழ்வதைச் செவிகொடுத்தோர் கேட்டிருப்பர். நீரகம் சேர்ந்தால் பெட்ரோல் முற்றும் எரியும் என்பது மற்றொரு வாதம். நீரகம் விரைந்தெரிவது மெய்யே. தனிக் கலத்திற் கொணர்ந்த நீரகத்தை மிகுதியாய்ச் சேர்த்து, காற்று மிகுந்த கலவையை நன்கெரிப்பதும் சோதனைச்சாலைகளில் இயல்வதே. ஆயினும் செம்மையாய்ப் பேணப்பட்ட இக்கால எஞ்சினில் எரியாது தப்பும் பெட்ரோல் நூற்றில் ஓரிரு பங்குக்கு மேற்படாது. அச்சிறு மிச்சத்தினின்று பெரும் மைலேஜ் எங்ஙனம் வரும்?

பாரடே இவ்வினாவின் வேரை 1840-லேயே தொட்டிருந்தார். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவது ஒன்றினாலேயே மின்கலத்தில் மின்சாரம் பிறக்கின்றதென வோல்ட்டாவின் வழிவந்தோர் சாதித்தனர். பாரடே அதனை ஏற்கவில்லை. கலத்தினுள் உலோகம் கரைவதே மின்சாரத்தின் விலை. ஒன்றும் செலவழியாமல் ஆற்றல் ஓயாது பெருகுமென்றால், அது ஒன்றுமில்லாததினின்று ஒன்றைப் படைப்பதாகும், இயற்கையில் அதற்கு ஒப்பான செயல் வேறெங்கும் இல்லை என்பது அவர் துணிபு. மேயரும் ஜூலும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஆற்றலின் அழியாமையை நிறுவியது அதன் பின்னரே. கணிதம் கல்லாத ஒருவர் இதனைக் கண்டது பெரிதும் வியக்கற்பாலது.

ஜாடி பொருத்தியபின் மைலேஜ் கூடியதாகக் கூறுவோர் எல்லாரும் பொய்யரோ எனின், அல்லர். இதற்கும் பாரடேயின் வாழ்விலேயே விடையுண்டு. 1853-இல் லண்டன் நகரில் ஒரு வியப்புப் பரவிற்று. மேசையைச் சுற்றி அமர்ந்து பலர் கைவைக்க, அது தானே சுழல்வதாகக் கண்டனர். ஆவியென்றும் புதுவகை மின்சாரமென்றும் பேசினர். பாரடே அவர்களை இகழவில்லை. நேர்மையுடையாரையே தேர்ந்து அமர்த்தினார். கைக்கும் மேசைக்கும் இடையே நழுவும் அட்டைகளை வைத்து, கையின் சிறு தள்ளுதலையும் பெருக்கிக் காட்டும் துரும்பு முள் ஒன்றை இணைத்தார். மேசை நகருமுன்னே கைகளே தள்ளுவதை முள் காட்டிற்று. அம்முள்ளைப் பார்த்துக்கொண்டே அவர்கள் அமர்ந்தபோது மேசை அசையவேயில்லை. தாம் தள்ளுவதைத் தாமே அறியாதிருந்தனர் அவர்கள். இதனை இவர் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதியனுப்பினார்.

வண்டிக்கும் இது பொருந்தும். பணம் செலவிட்டு ஜாடி பொருத்தியவர், தம்மை அறியாமலே ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிப்பார். சக்கரக் காற்றைச் சரிபார்ப்பார். ஒரு நாள் வெறுஞ்சாலையும் மறுநாள் சந்தைக் கூட்டமுமாய் ஓடிய கணக்குகளில் நல்லதை நினைவில் வைப்பார். ஜாடி இயங்குகின்றதா இல்லையா என்பதை ஓட்டுநருக்கு அறிவியாமல், ஒரே சாலையிற் பலமுறை ஓட்டி அளந்தாலன்றி உண்மை புலப்படாது. மேலும் நீரகமும் பிராணவாயுவும் இவ்விகிதத்திற் கலந்து நிற்பது சிறு பொறியாலும் வெடிக்கும். பாரடேயே 1823-இல் வாயுக்களைத் திரவமாக்கும் சோதனையிற் கண்ணாடிக் குழாய் வெடித்துக் கண்ணிற் சில்லுகள் பாயப்பெற்றவர். அவரிடம் இருந்த பயிற்சி வீட்டு முற்றத்திற் குழாய் இணைப்போரிடம் இராது.

தம் கண்டுபிடிப்புகளில் ஒன்றிற்கேனும் இவர் காப்புரிமை பெற்றாரல்லர். வணிகருக்குப் பொருள்களைச் சோதித்துத் தந்து ஈட்டிய வருவாயையும் 1830-களில் ஆராய்ச்சியின் பொருட்டு விட்டொழித்தார். அரசினர் தர விரும்பிய வீரப்பட்டத்தையும், ராயல் சங்கத் தலைமையையும் ஏற்க மறுத்தார். சாண்டமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவக் கூட்டத்தில் இறுதிவரை எளிய உறுப்பினராயும் சில காலம் மூப்பராயும் இருந்தார். கலங்கரை விளக்கங்களின் ஆலோசகராகவும் நெடுநாள் உழைத்தார்.

இளைஞருக்கென இவர் கிறிஸ்துமஸ் காலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் பெயர்பெற்றவை. அவற்றுள் மெழுகுவத்தியின் வரலாறு 1861-இல் நூலாயிற்று. எரியும் சுடரின் மேலே குளிர்ந்த கலத்தைப் பிடித்து, அதிற் படியும் நீர்த்துளிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். பின்பு அந்நீரையே மின்சாரத்தால் நீரகமும் பிராணவாயுவுமாய்ப் பிரித்து, மறுபடியும் எரித்து நீராக்குவார். விறகெரிந்தால் சாம்பல் எஞ்சுதல் போல, நீரகம் எரிந்தால் எஞ்சுவது நீர் என்பதைப் பத்து வயதுச் சிறுவரும் கண்ணாரக் கண்டு வீடு திரும்பினர்.

முதுமையில் இவர்க்கு நினைவு தளர்ந்தது. சோதனைகளை நாள்தோறும் குறித்துவந்த ஏட்டில் பத்திகளின் எண் 16,000-ஐக் கடந்திருந்தது. பிற்காலத்தில் முன்னாட் செய்தவற்றை அறிய இவரே அவ்வேட்டைப் புரட்ட வேண்டியதாயிற்று. விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த வீட்டில், 1867 ஆகஸ்டு 25-ஆம் தேதி, தம் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டிலுள்ள கல்லறைக் கல்லிற் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.