கிருபாபாய் சத்தியநாதன் (1862 – 1894)

நுழையும்முன்

இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் புதினம் எழுதுவது அரிதாக இருந்த காலம் அது. அக்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, இரண்டு ஆங்கிலப் புதினங்களைப் படைத்து, முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தவர் கிருபாபாய் சத்தியநாதன்.

பிறப்பும் கல்வியும்

கிருபாபாய் 1862ஆம் ஆண்டு அகமதுநகரில், கிறித்தவம் தழுவிய மராத்திய அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்குக் கல்வியில் நாட்டத்தை வளர்த்தவர் தமையனார் பாஸ்கர். அவரும் இளம் வயதிலேயே மறைந்தார். மும்பையில் விடுதிப் பள்ளியில் தங்கிப் பயின்ற கிருபாபாய், மருத்துவராக விரும்பினார். இங்கிலாந்து சென்று பயிலும் வாய்ப்பு வந்தது. உடல்நலக்குறைவு அதற்குத் தடையாயிற்று.

எனவே, 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. முதலாண்டில் சிறந்து விளங்கினார். ஆயினும் உடல் மேலும் தளர்ந்தமையால் படிப்பைக் கைவிட நேர்ந்தது.

இல்லறமும் கல்விப்பணியும்

சென்னையில் கிருபாபாய் தங்கியிருந்தது சமயப் பணியாளர் டபிள்யூ.டி. சத்தியநாதனின் இல்லத்தில். அவருடைய மகன் சாமுவேலைக் கிருபாபாய் மணந்தார். கணவர் உதகமண்டலத்தில் தலைமையாசிரியராகப் பணியாற்றியபோது, அங்கு இசுலாமியச் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். இதழ்களில் ‘ஓர் இந்தியப் பெண்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலப் புனைபெயரில் கட்டுரைகளும் எழுதினார். பின்னர் இராஜமுந்திரி, கும்பகோணம் ஆகிய ஊர்களில் வாழ்ந்து, 1886இல் சென்னைக்குத் திரும்பினார்.

புதினங்கள்

‘சகுணா’ என்னும் முதற் புதினம், 1887 – 88ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. கல்விமீது தீராத வேட்கை கொண்ட சிறுமியின் கதையாக அமைந்த இது, அவருடைய சொந்த வாழ்வைத் தழுவியது.

அவர் பெற்ற ஒரே குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. அத்துயரோடு காசநோயும் சேர்ந்துகொண்டது. படுக்கையில் இருந்தவாறே ‘கமலா’ என்னும் இரண்டாம் புதினத்தை எழுதி முடித்தார். இளம் வயதில் மணமாகி, புகுந்த வீட்டில் அல்லலுற்று, கைம்மை எய்தும் இந்துப் பெண்ணின் வாழ்வை அது சித்திரிக்கிறது. மறுமணம் நாடிவந்தபோதும் அதை ஏற்காத கமலா, பிறர்க்குத் தொண்டு செய்வதையே தன் வழியாகக் கொள்கிறாள்.

நினைவும் சிறப்பும்

1894ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிருபாபாய் காலமானார். ‘சகுணா’ நூலாக்கம் பெற்றது அவர் மறைந்த பின்னரே. அவர் நினைவாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கான உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. தாம் நிறைவுசெய்ய இயலாத படிப்பைப் பிற பெண்கள் நிறைவுசெய்ய அவருடைய பெயர் துணைநின்றது.