ஒரு நாள் மன்னிப்பு... நாற்பது வருடப் பயணம்!



ஒர்க்‌ஷாப்பில் அளவு தவறி அறுத்த துண்டு எங்கே போகும்? ஸ்கிராப் பெட்டிக்குத்தான். தவறிப்போன மனிதனையும் அப்படித் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது என்று நான் நம்புவதற்குக் காரணமான ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஜான் நியூட்டன். ஆப்பிள் விழுந்ததைப் பார்த்த நியூட்டன் இல்லீங்க, இவர் வேறு!

1725-ல் லண்டனில் பிறந்தார். அப்பா கப்பல் கேப்டன். பைபிள் சொல்லிக்கொடுத்து வளர்த்த அம்மா, மகனுக்கு ஏழு வயது நிறையும் முன்பே காசநோயில் இறந்துபோனார். பதினொரு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போன பையன், வளர வளர தறுதலையாகிவிட்டான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. கடவுளைக் கிண்டல் பண்ணுவது, நம்பிக்கை உள்ளவனையும் கெடுப்பது, இதுதான் பொழுதுபோக்கு. கடற்படையிலிருந்து ஓடிப்போய்ப் பிடிபட்டு, எல்லோர் முன்னிலையிலும் சவுக்கடி வாங்கினார். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, சோற்றுக்கே வழியில்லாமல் தானே அடிமைபோலக் கிடந்தார்.

அங்கிருந்து அவரை மீட்டு வந்த கப்பல் 'கிரேஹவுண்ட்'. 1748 மார்ச் 21, நடு அட்லாண்டிக்கில் பயங்கரப் புயல். மேல்தளத்துக்கு ஏறும்போது, ஒரு கத்தி எடுத்து வரும்படி கேப்டன் சொன்னதால் நியூட்டன் திரும்பினார். அவருக்குப் பதிலாக மேலே போனவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது! விடிகாலை 3 மணியிலிருந்து நண்பகல் வரை பம்ப் அடித்தார். சரக்கில் தேன்மெழுகும் மரமும் இருந்தன. தண்ணீரைவிட எடை குறைந்த அந்தச் சரக்குதான் ஓட்டைக் கப்பலை மிதக்க வைத்தது என்றால் நமக்குப் புரியாதா என்ன! அந்த நேரத்தில், கிண்டல் பண்ணிய அதே கடவுளிடம் இரக்கம் கேட்டார். ஏறக்குறைய நான்கு வாரம் தத்தளித்துக் கப்பல் அயர்லாந்து கரையைத் தொட்டது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் மார்ச் 21-ஐ அவர் மறக்கவே இல்லை.

பலர் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். அன்றே அடிமை வியாபாரத்தை விட்டுவிட்டார் என்றும் சொல்கிறார்கள். உண்மை அது இல்லை. 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல் கேப்டனாக மூன்று பயணம் போனார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியால் பிணைத்து, அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல அடுக்கினார்கள். கட்டைவிரலை நசுக்கும் திருகுக் கருவியைச் சிறுவர்கள்மேல் பயன்படுத்தியதை அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடலை விட்டதுகூட மனசாட்சியால் இல்லை, திடீரென்று வந்த நோயால்தான்.

என்னடா இது, மன்னிப்பு கிடைத்த மனுஷன் செய்கிற வேலையா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. யோசித்ததில் ஒன்று புரிந்தது. கிறிஸ்தவ விசுவாசத்தில் மன்னிப்பு என்பது நாம் மார்க் எடுத்து வாங்குவதல்ல. இயேசு சிலுவையில் விலை கொடுத்து இலவசமாகத் தருவது. அது ஒரு நொடியில் கிடைக்கும். ஆனால் மன்னிக்கப்பட்டவனின் கண் முழுவதும் திறக்க வருடங்கள் ஆகலாம்.

நியூட்டனுக்கும் அப்படித்தான். லிவர்பூல் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கிரேக்கம், எபிரேயம் படித்தார். 1764-ல் ஓல்னி என்ற சிற்றூரில் போதகரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அவர் எழுதியதுதான், இன்று உலகமெல்லாம் பாடும் 'அமேசிங் கிரேஸ்'. 1785-ல், அரசியலே வேண்டாம் என்ற குழப்பத்தோடு ரகசியமாகத் தேடி வந்த இளம் எம்.பி. வில்பர்ஃபோர்ஸை, பாராளுமன்றத்திலேயே இருந்து கடவுளுக்கு ஊழியம் செய்யச் சொல்லி அனுப்பினார்.

1788-ல், புயலுக்குச் சரியாக நாற்பது வருடம் கழித்து, அடிமை வியாபாரத்தின் கொடுமைகளை நூலாக வெளியிட்டார். தன் பங்கை மறைக்கவில்லை. இந்த அறிக்கை மிகவும் தாமதமானது என்று அதிலேயே ஒப்புக்கொண்டார். அரசின் விசாரணைக் குழு முன்பும் சாட்சி சொன்னார். பேர் போய்விடுமே என்று பயப்படவில்லை. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்ற தைரியம்தானே பழைய கணக்கைத் திறந்து காட்ட வைக்கும்!

கப்பலில் செத்துப்போன அடிமைகள் திரும்பி வரப்போவதில்லை. அந்த வேதனை அவரை விட்டுப் போகவும் இல்லை. ஆனாலும் 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தபோது, பார்வை மங்கிய அந்தக் கிழவர் உயிரோடு இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று, 82-ஆம் வயதில் கண்ணை மூடினார்.

நண்பர்களே! நேற்று என்ன செய்தோம் என்பதை நினைத்தே நாளையையும் தொலைத்துவிட வேண்டாம். மன்னிப்பைக் கேட்போம், கிடைத்தபின் உண்மையைப் பேசுவோம். புது வாழ்க்கைக்கு அதுதான் முதல் படி!