நாற்பத்து மூன்று வயது மாணவர்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஃபார்குவார் தெரு வரும். அத்தெருவிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பினாங்கு மாநில அருங்காட்சியகம் என்று இன்று பலரும் அறிவர். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது பினாங்கு ஃபிரீ ஸ்கூல். 1816இல் தொடங்கப்பட்ட அப்பள்ளி எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. கெடா அரண்மனையிலிருந்து வந்த ஓர் இளவரசரும் அங்கே படித்தார். அவர்தாம் பின்னாளில் மலேசியாவின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான்.

துங்கு 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தை கெடா சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா. சிறு வயதில் பாங்காக்கிலும் சில காலம் பயின்றார். பள்ளியில் முதல் மாணவர் என்று பெயர் வாங்கியவர் அல்லர். ஆயினும், கெடா அரசின் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. பதினேழு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயிண்ட் கேத்தரின் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால், அக்கல்லூரி நிருவாகத்தினர் அவரிடம் இனப் பாகுபாடு காட்டினர். அந்த அவமதிப்பை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. தம் மண் சுதந்திரம் பெற வேண்டும் என்ற எண்ணம் தமக்குள் வலுப்பெற அதுவும் ஒரு காரணம் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மனக்காயம் இருந்தாலும், அவர் அறைக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. காற்பந்துத் திடல், குதிரைப் பந்தயம், நடனக் கூடம், நண்பர்களின் விருந்து என்று அவருடைய நாள்கள் ஓடின. ரைலி நிறுவனத்தின் பந்தயக் கார் ஒன்றை வாங்கினார். அதை ஓட்டிய வேகத்துக்காகப் போக்குவரத்து அதிகாரிகளிடமிருந்து வந்த அழைப்பாணைகள் இருபதைத் தாண்டின. பாடநூல்கள்தாம் மேசையில் காத்துக்கிடந்தன. எப்படியோ 1925இல் இளங்கலைப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார்.

அண்ணன் துங்கு இப்ராஹிம் அப்போது கெடாவின் ஆட்சிப் பொறுப்பைக் கவனித்து வந்தார். தம்பி வழக்கறிஞராகாமல் திரும்பியது அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டம் படித்து முடிக்கும்படி மீண்டும் இலண்டனுக்கு அனுப்பினார். துங்கு இன்னர் டெம்பிள் சட்டக் கல்விக் கழகத்தில் சேர்ந்தார். ஆனால், பழைய வாழ்க்கையே தொடர்ந்தது. தேர்வில் தேறாமலேயே 1931இல் தாயகம் வந்தார். அரசுப் பணத்தில் பத்தாண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர், வழக்கறிஞர் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் திரும்பியதை அலோர் ஸ்டாரில் யார் பாராட்டியிருப்பார்?

எனினும், அந்த ஆண்டுகளை வெறும் வீண் என்று தள்ளிவிட முடியாது. இலண்டனில் படித்த மலாய் மாணவர்கள் 1926இல் பிரிட்டன் மலாய்ச் சங்கத்தை அமைத்தபோது துங்கு அதன் செயலாளரானார். விருந்துக்கு நண்பர்களை ஒன்றுகூட்டிய அதே திறமைதான் அங்கேயும் பயன்பட்டது. பேசவே தயங்கும் மாணவனையும் சிரிக்க வைத்து, பக்கத்தில் உட்கார வைக்கும் இயல்பு அவருடையது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அதேபோல், அந்த இயல்பு மட்டும் தேர்வுத்தாளை எழுதிக் கொடுக்கவும் இல்லை.

கெடாவில் அரசு ஊழியரான துங்கு, கூலிம், பாடாங் தெராப் ஆகிய மாவட்டங்களில் பணிபுரிந்தார். மலேரியா பரவிய பாடாங் தெராப்பில் கொசு பெருகும் சதுப்பு நிலத்தின் நீரை வடியச் செய்ய முயற்சி எடுத்தார். சட்டப் படிப்பு மட்டும் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. 1930களின் இறுதியில் அதை முடிக்க மறுபடியும் இங்கிலாந்து சென்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டது, திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது.

போர் முடிந்த பின், 1946 டிசம்பரில் பினாங்கிலிருந்து மீண்டும் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பிள்ளைகளுக்குத் தந்தை, பல ஆண்டு அனுபவமுள்ள அதிகாரி. தம்மைவிட இருபது வயது இளையவர்களோடு சேர்ந்து அவர் சட்டம் படிக்க வேண்டியிருந்தது. இருபது வயதில் எளிதாக மனத்தில் பதியும் சட்டப் பிரிவுகள் நாற்பதுக்கு மேல் அவ்வளவு எளிதில் பதிவதில்லை. இருப்பினும், இம்முறை அவர் விடவில்லை.

அதற்காக அவர் முற்றிலும் வேறு மனிதராகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். நண்பர் கூட்டம் இப்போதும் இருந்தது. மலாய்ச் சங்கத்துக்குத் தலைவரானார். சங்கச் செயலாளராக இருந்தவர், அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவரான அப்துல் ரசாக். அங்கே அரட்டையோடு மலாயாவின் எதிர்காலமும் பேசப்பட்டது. இந்த முறை பாடநூலுக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது, அதுவே வேறுபாடு. 1949இல் சட்டத் தேர்வில் தேறினார். முதன்முதலில் இன்னர் டெம்பிளில் சேர்ந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

1951இல் அவர் அம்னோவின் தலைவரானார். அவர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்று முனைந்தவர்களுள் இலண்டன் நண்பர் ரசாக்கும் ஒருவர். சுதந்திரத்துக்கான இலண்டன் ஒப்பந்தம் 1956 பிப்ரவரி 8ஆம் நாள், துங்குவின் ஐம்பத்து மூன்றாம் பிறந்த நாளில் கையெழுத்தானது. 1957 ஆகஸ்டு 31இல் மலாயா சுதந்திரம் பெற்றது. 1970வரை துங்கு பிரதமராக இருந்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் ரசாக்.

பிரதமரான பிறகும் காற்பந்தும் குதிரைப் பந்தயமும் அவரை விட்டுப் போகவில்லை. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக 1958 முதல் 1977வரை இருந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1962இல் பொறுப்பேற்றார். கேம்பிரிட்ஜில் பாடநூலைத் தள்ளி வைத்தவர் பட்டமளிப்பு மேடையில் பட்டங்களை வழங்கியதை நினைத்தால் புன்னகை வரும்.

பதவி விலகிய பின் பினாங்கில் வாழ்ந்தார். ஜோர்ஜ் டவுனில் 1971இல் தொடங்கப்பட்ட 'தி ஸ்டார்' நாளிதழில் 1974 முதல் வாரந்தோறும் கட்டுரை எழுதினார். அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தார். பழைய நினைவுகளோடு நாட்டு நடப்பைப் பற்றியும் தயக்கமின்றி எழுதினார். 1990 டிசம்பர் 6ஆம் நாள் காலமானார். பினாங்கில் அவருடைய இல்லம் இருந்த ஆயர் ராஜா சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.